பந்தக்கால் நட்ட ரோடு

போன வாரம் ஒரு ராத்திரி முழுக்க மழை. விடிந்ததும் பொதுவாக என்ன செய்வோம்? மாடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்போம். பள்ளிக்கூடம் லீவா என்று விசாரிப்போம். எங்கள் ஏரியாவில் அன்றைக்கு அதையெல்லாம் விட்டுவிட்டு ரோட்டுக்குப் போய்க் குனிந்து நின்றோம்.

ஆமாம், நானும்தான். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் டீ டம்ளர். கம்மலைத் தொலைத்தவர்கள் மாதிரி ஒரு கூட்டமே தார் ரோட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வழியாக வந்த உப்பு லாரி டிரைவர் வேகத்தைக் குறைத்து, ஆக்சிடெண்டா என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆக்சிடெண்ட் இல்லை. நாங்கள் ரிசல்ட் பார்த்துக்கொண்டிருந்தோம். என்ன ரிசல்ட்? அதைச் சொல்ல ஒரு வருஷம் பின்னால் போக வேண்டும்.

தூத்துக்குடியிலிருந்து வேம்பார் போகிற ரோட்டில், டவுன் முடிந்து உப்பளம் ஆரம்பிக்கிற இடத்தில், கிளை ரோடு பிரிகிற முனைதான் எங்கள் விலக்கு. ரோட்டுக்கு இந்தப் பக்கம் குகை மாதிரி கட்டிய மாதா கெபி, அந்தப் பக்கம் அம்மன் கோயில். உப்பு லாரி, மீன் வண்டி, டிரெய்லர், மினி பஸ், என் ஸ்கூட்டி… எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான் வழி.

போன வருஷம் மழை வந்தது. விலக்கில் பள்ளங்களும் வந்தன. அதற்கு முந்தைய வருஷமும் வந்தன. அதற்கும் முந்தைய வருஷமும்தான். நாங்கள் ரோடு போட்ட கான்ட்ராக்டரைத் திட்டுவோம், லாரிகளைத் திட்டுவோம், கோடையில் யாராவது வந்து ஜல்லியைக் கொட்டித் தாரைத் தெளித்துவிட்டுப் போவார்கள், அத்தோடு மறந்துவிடுவோம். ஆனால் போன வருஷம் மறக்க முடியவில்லை. காரணம் என் பக்கத்து வீட்டு சேவியர் அண்ணன்.

சேவியர் அண்ணன் தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டு போனவர். வாழ்க்கையில் பாதியைக் கடலில் கழித்தவர். இரண்டு கிட்னியும் செயலிழந்து, இப்போது வாரத்துக்கு இரண்டு முறை டவுனுக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். முடிந்து திரும்பும்போது ஊசி குத்திய கையில் கட்டுப் போட்டிருக்கும். அந்தக் கை எதிலும் இடிபடக் கூடாது. ஆனால் ஆட்டோ எங்கள் விலக்கில் ஒவ்வொரு பள்ளமாக இறங்கி ஏறினால்? கை கம்பியில் இடிக்கும். வீடு வந்து சேரும்போது கட்டு முழுக்க ரத்தம்.

ஒருநாள் அண்ணன் மனைவியிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். அலையாவது தூரத்தில் வரும்போதே தெரியும், இந்த ரோட்டில் எது எப்போது தூக்கிப்போடும் என்று தெரியவில்லை, இனிமேல் நான் வரவில்லை என்று. சொன்னபடியே அடுத்த முறை போகவும் இல்லை. இரண்டு நாளில் கால் வீங்கி, மூச்சு முட்டி, கடைசியில் ஆம்புலன்ஸில் கொண்டு போனார்கள். எந்த வழியாக? அதே பள்ளங்களின் வழியாகத்தான்.

பிழைத்து வந்தார். வந்த மறுநாள் அவர் மனைவி ஜெயராணி அக்கா என் வீட்டுக்கு வந்தார். அழுதுகொண்டு வருவார் என்று நினைத்தேன். அவர் என்மேல் பாய்ந்துகொண்டு வந்தார்.

“ஏளா, வாராவாரம் என்னத்தையெல்லாமோ எழுதுத. இந்த ரோட்டை எப்ப எழுதப்போற? இவிய இனிமே ஆஸ்பத்திரிக்கு வரலைன்னு சொல்லுதாவ. போகலைன்னா என்ன ஆவும்னு உனக்கும் தெரியும்லா.”

தெரியும்.

பத்தி எழுதினால் வாசித்துவிட்டு “அருமை” என்று மெசேஜ் போடுவீர்கள். அதை வைத்துப் பள்ளத்தை மூட முடியாது. அதனால் பத்தியை ஒதுக்கிவிட்டு மனு எழுதினேன். போட்டோ எடுத்தேன். ஆபீஸ் ஆபீஸாகப் போய் நின்றேன். எனக்குப் பொறுமை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் பிடிவாதம் நிறைய உண்டு. அரசாங்க ஆபீஸில் பொறுமையைவிட அதுதான் உதவுகிறது.

அதற்கிடையில் ஜெயராணி அக்கா சும்மா இருக்கவில்லை. விலக்குக்கு முன்னால் ஆட்டோவை நிறுத்தச் சொல்லுவார். அண்ணனைக் கைத்தாங்கலாக இறக்கி, ரோட்டோரமாகப் பள்ளங்களைத் தாண்டி நடத்திக் கூட்டிப் போவார். காலி ஆட்டோ குதித்துக் குதித்து அந்தப் பக்கம் வந்து நிற்கும். மறுபடி ஏற்றிக்கொண்டு போவார். போகும்போதும் அப்படி, வரும்போதும் அப்படி. டயாலிசிஸ் முடிந்த உடம்பில் நடக்கத் தெம்பு எங்கே இருக்கும்? நடுவில் அண்ணன் மைல்கல்லில் உட்கார்ந்துவிடுவார். அக்கா தன் முந்தானையால் அவருக்கு வெயில் படாமல் மறைத்துக்கொண்டு நிற்பார்.

தை பிறந்த பிறகு ஒரு காலையில் ஜீப் வந்தது. இறங்கியவர் ஒரு இளம் பொறியாளர். ஸ்ரீவைகுண்டம் பக்கத்துப் பெண். தலையில் தொப்பி, கையில் அளக்கும் டேப். ஐந்து நிமிஷத்தில் விலக்கே கூடிவிட்டது.

எல்லாரையும்விடச் சத்தமாகப் பேசியவர் பொன்ராஜ் அண்ணாச்சி. பந்தல், சீரியல் லைட், மைக் செட் எல்லாம் எங்கள் ஏரியாவில் அவர்தான். இவர்கள் எங்கே மேடம் தார் போட்டார்கள், கறுப்புப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

பொறியாளர் சிரிக்கவில்லை. குனிந்து பள்ளத்தின் விளிம்பில் ஒரு துண்டைப் பெயர்த்துப் பார்த்தார். பிறகு நின்றபடியே எங்களுக்கு ஒரு பாடம் எடுத்தார்.

ரோட்டில் மேலே தெரிகிற தார் வெறும் சட்டைதானாம். பாரத்தைத் தாங்குவது அடியில் அடுக்கடுக்காகக் கிடக்கும் ஜல்லியும் கிராவலும். நம் ஊர் வெயிலில் தாரின் பசை வருஷா வருஷம் குறையும். கறுப்பாக இருந்த ரோடு வெளிறி, விறைத்து, மெல்லிசாக வெடிப்பு விடும். அதே வெயில் உச்சிப் பொழுதில் தாரை இளக்கவும் செய்யும். அப்போது லோடு லாரி நின்று கிளம்பினால் டயர் தடம் அப்படியே அமுங்கும். டீசல் சொட்டினால் தார் கரையும். இதையெல்லாம் ரோடு கொஞ்ச காலம் பொறுத்துக்கொள்ளும்… தண்ணீர் உள்ளே இறங்காத வரைக்கும்.

தண்ணீர் அடிக்குப் போய்விட்டால் அவ்வளவுதான். மேலே லாரி ஏறும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் நசுங்கி, மண்ணையும் அரித்துக்கொண்டு வெடிப்பு வழியாகப் பீய்ச்சியடிக்கும். அடுத்த லாரி, அடுத்த பீய்ச்சல். கடைசியில் அடியில் ஒன்றுமே இருக்காது. மேலே தார் மட்டும் அப்பளம் மாதிரி நிற்கும். அதை உடைக்க லாரி தேவையில்லை, என் ஸ்கூட்டி போதும்.

“அப்ப லாரிதானே மேடம் காரணம்?” என்றார் அண்ணாச்சி, கேஸ் ஜெயித்துவிட்ட குரலில்.

பொறியாளர் நடக்க ஆரம்பித்தார். நாங்களும் பின்னாலேயே போனோம். விலக்கைத் தாண்டியதும் ரோடு நன்றாக இருந்தது. வெளிறியிருந்தது, அங்கங்கே வெடிப்பும் இருந்தது. ஆனால் பள்ளம் இல்லை. திரும்பி வந்து டவுன் பக்கம் நடந்தார். அங்கேயும் பள்ளம் இல்லை.

“ஒரே கான்ட்ராக்டர், ஒரே தார், ஒரே வாரத்துல போட்டது. அங்க ஓடுற லாரிதான் இங்கயும் ஓடுது. அங்க பெய்ற மழைதான் இங்கயும் பெய்யுது. உங்க விலக்குல மட்டும் ஏன் உடையுது?” என்று கேட்டார்.

நல்ல கேள்வி. மனுவில் நான் யோசித்தே பார்க்காத கேள்வி.

அவர் டேப்பை விரித்து ஒரு பள்ளத்துக்கும் அடுத்த பள்ளத்துக்கும் இடைவெளியை அளந்தார். அடுத்ததற்கும் அளந்தார். ஒரே அளவு. ரோட்டின் அந்த ஓரத்திலும் அதே வரிசை, இந்த ஓரத்துக்கு நேர் எதிராக. “பள்ளம் இப்படி வரிசையில வந்து நிக்காது,” என்றார். “யாரோ ஓட்டை போட்டுக் கொடுத்திருக்காங்க. தண்ணி அது வழியா இறங்கியிருக்கு.”

கூட்டத்திலிருந்து ஜெயராணி அக்காதான் முன்னால் வந்தார். பள்ளத்தைப் பார்த்தார். கெபியைப் பார்த்தார். ரோட்டைத் தாண்டி அம்மன் கோயிலைப் பார்த்தார்.

“இது நம்ம பந்தக்கால் குழில்லா,” என்றார்.

நான் குனிந்து அந்த வரிசையை மறுபடி பார்த்தேன். அதேதான்.

எங்கள் ஊர்ப்பக்கம் திருவிழா என்றால் ரோட்டில் அலங்கார வளைவு வைக்காமல் முடியுமா? மாதா திருவிழாவுக்கு வளைவு உண்டு. அம்மன் கொடைக்கு வளைவு உண்டு. வளைவுக்குப் பிறகு இரண்டு பக்கமும் டியூப்லைட் கம்பு வரிசையாக நிற்கும். மண்ணில் நட்டால் கடல் காற்று சாய்த்துவிடும் என்று, தார் ரோட்டின் ஓரத்தையே கடப்பாரையால் குத்தி அதில் கம்பை இறுக்குவார்கள். விழா முடிந்ததும் கம்பைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். குழியில் ஒரு கை மணல். அடுத்த மாசங்களில் மழை.

இதில் இன்னொரு அழகு உண்டு. இரண்டு விழாவுக்கும் பந்தல் பொன்ராஜ் அண்ணாச்சிதான். புதுசாகத் தோண்ட யாருக்கு ஆசை? மாதாவுக்குத் தோண்டிய குழியிலேயே அம்மனுக்கும் கம்பு நட்டிருக்கிறார். மத நல்லிணக்கம் பற்றி எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். இவ்வளவு ஆழமாக அதை யாரும் செய்து பார்த்ததில்லை.

அண்ணாச்சியைத் தேடினேன். மின்கம்பத்தின் பின்னால் நின்று, அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டிருந்தார்.

பொறியாளர் கத்தவில்லை. கேஸ் போடுவேன் என்று மிரட்டவில்லை. சதுரமாக வெட்டி, அடிவரைக்கும் தோண்டி, ஜல்லியை இறுக்கி, மேலே தார் போட்டு, ஓரம் வழியாகத் தண்ணீர் இறங்காமல் பூசித் தருவேன் என்றார். “இதை முறையா செஞ்சு தரேன். திரும்பவும் குத்தினீங்கன்னா திரும்பவும் உடையும். அப்ப யாரைத் திட்டுறதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.” சொன்னபடியே மாசி முடிவதற்குள் செய்து கொடுத்தார்.

ரோடு போட்டாயிற்று. இனி அதைக் காப்பாற்றுவது யார்?

சித்திரையில் கொடை வந்தது. அதற்கு முன்னால் கெபி வாசலில் மாதா கமிட்டியும் அம்மன் கமிட்டியும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். நடுவில் அண்ணாச்சி. அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். கச்சான் காற்று அடிக்கிற ஊர். வளைவு சாய்ந்து சப்பரத்தின்மேல் விழுந்தால் யார் பொறுப்பு, ஜனம் என்னைத்தானே அடிக்கும் என்றார். அது பொய்யில்லை. வளைவே வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். இரண்டு கமிட்டியும் ஒரே நேரத்தில் என்னை முறைத்தன. அதிலும் நல்லிணக்கம்தான்.

அப்புறம் வழக்கமான பேச்சு. அவர்கள் தோண்டாவிட்டால் நாங்களும் தோண்ட மாட்டோம் என்றது ஒரு கமிட்டி. முதலில் அவர்கள் நிறுத்தட்டும் என்றது இன்னொரு கமிட்டி. இப்படியே பேசிக்கொண்டிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து தோண்டிவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றியது. எரிச்சலில் எழுந்து போகப் பார்த்தேன்.

ஜெயராணி அக்கா பேச எழுந்தார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர். முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே பேசினார்.

“நான் யாரையும் குத்தம் சொல்ல வரல. நீங்க குழி தோண்டும்போது நானும் மோர் கலக்கிக் கொடுத்தவதான். எங்க வீட்டுக்காரவிய திங்களும் வியாழனும் இந்த ரோட்டுல போகணும். போனாத்தான் இருப்பாவ. இல்லைன்னா இல்லை. அம்புட்டுத்தான்.”

உட்கார்ந்துவிட்டார். நான் எத்தனையோ கூட்டங்களில் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறேன், இதில் பாதி வேலையைக்கூடச் செய்ததில்லை.

பொன்ராஜ் அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். “டிரம்முல நட்டுப் பாப்போமா?” என்றார்.

பழைய தார் டிரம்களைச் சேகரித்தார்கள். உள்ளே கம்பை நிறுத்தி மணலை நிரப்பினார்கள். கொடைக்கு முதல் நாள் வளைவு கம்பீரமாக எழுந்தது. எல்லாரும் செல்ஃபி எடுத்தோம். மத்தியானம் கச்சான் கிளம்பியது. டிரம் அசைந்தது, வளைவு அசைந்தது, பிறகு மெதுவாக, ரொம்ப மரியாதையாக, அண்ணாச்சியின் சொந்த வேன்மேல் போய்ச் சாய்ந்தது. யாருக்கும் அடியில்லை. வேன் கண்ணாடி மட்டும் போயிற்று.

பார்த்தீர்களா, நான் அப்போதே சொன்னேனே என்று கிளம்பிவிட்டது கூட்டம். இந்த ஒரு தடவை மட்டும் குத்திக்கொள்ளலாம், அப்புறம் சிமெண்ட் வைத்துப் பூசிவிடலாம் என்றார்கள். ஒரு ரோடு இந்த நாட்டில் எப்படி அழிகிறது என்று கேட்டால் நான் இந்த வாக்கியத்தைத்தான் சொல்லுவேன். இந்த ஒரு தடவை மட்டும். வெயில் ஒரு பக்கம், மழை ஒரு பக்கம், லாரி ஒரு பக்கம் இருக்கட்டும். அவற்றுக்கெல்லாம் வாசலைத் திறந்துவிடுவது இந்த ஒரு தடவைதான்.

யாரோ கடப்பாரையோடு வந்தார்கள். ஜெயராணி அக்கா நேரே போய் அதை வாங்கினார். கொடுங்க என்று சாதாரணமாகக் கேட்டதும் அந்த மனிதரும் என்ன ஏது என்று தெரியாமல் கொடுத்துவிட்டார். அக்கா அதை வீட்டுக்குக் கொண்டு போய்ச் சேவியர் அண்ணனின் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டு வந்தார். நோயாளி படுத்திருக்கிற கட்டிலுக்கு அடியில் கையை விட்டுக் கடப்பாரையை எடுக்க ஊரில் யாருக்குத் துணிச்சல் வரும்?

வேறு வழியில்லை. அண்ணாச்சி அன்று சாயங்காலமே டிரம்மில் மணலுக்குப் பதிலாகக் கான்கிரீட் போட்டார். இரண்டிரண்டு டிரம்மை இரும்புப் பட்டையால் இணைத்தார். ரெடியாவதற்குள் கொடை தொடங்கிவிட்டது. முதல் நாள் வளைவே இல்லாமல் போயிற்று. அம்மன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. மறுநாள் வளைவு நின்றது. ஆவணி கடைசியில் மாதா திருவிழாவுக்கும் அதே டிரம்கள்தான். கொடியேற்றத்தன்று காற்று பேயாக அடித்தது. வளைவு அசையவில்லை. அண்ணாச்சி ஒவ்வொரு டிரம்மாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடந்தார். கடப்பாரையை அதற்குப் பிறகுதான் அக்கா திருப்பிக் கொடுத்தார்.

இனி மழைதான் பாக்கி. அது போன வாரம் வந்தது.

அதனால்தான் விடிகாலையில் அத்தனை பேரும் குனிந்து நின்றோம். தண்ணீர் ஓரமாக வழிந்து உப்பளப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. ரோடு கழுவிவிட்ட மாதிரி கிடந்தது. பள்ளம் இல்லை. அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டு, ஒட்டுப் போட்ட இடத்தை வெறுங்காலால் மிதித்து மிதித்துப் பார்த்தார். “நிக்குதுலே,” என்று யாரிடமோ சொன்னார்.

அது வியாழக்கிழமை. மத்தியானம் டயாலிசிஸ் முடிந்து ஆட்டோ திரும்பி வந்தது. விலக்கில் நிற்கவில்லை. நேரே வந்து எங்கள் வாசலில் நின்றது. நான் ஓடிப்போய் ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தேன். ஜெயராணி அக்கா உதட்டில் விரலை வைத்தார். சேவியர் அண்ணன் அவர் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். கட்டு வெள்ளையாக இருந்தது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு எந்த அவசரமும் இல்லாமல் காத்திருந்தார். நான் உள்ளே போய்க் கொஞ்சம் அழுதேன். அதை எழுத வெட்கமாக இல்லை.

இத்தோடு முடித்திருந்தால் பத்தி அழகாக இருந்திருக்கும், இல்லையா?

இன்றைக்குக் காலையில் இதை எழுத உட்கார்ந்தபோது வெளியே சத்தம். எட்டிப் பார்த்தேன். ஏதோ கேபிள் கம்பெனிக்காரர்கள். ரோட்டில் சுண்ணாம்புக்கோடு போட்டிருந்தார்கள். பக்கத்தில் தார் வெட்டுகிற மிஷின். விலக்கில் ஒரு வெட்டு வெட்டிக் கேபிளைப் புதைத்துவிட்டுச் சாயங்காலத்துக்குள் மண்ணைத் தள்ளிவிட்டுப் போவார்களாம். கையில் பர்மிட் இருக்கிறதாம்.

இருக்கட்டும். சுண்ணாம்புக்கோட்டின்மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் ஜெயராணி அக்கா. அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. கேபிள் எல்லாருக்கும் வேண்டியதுதானே. சூப்பர்வைசரிடம் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“மூடுததுக்கு ஜல்லியும் தாரும் எங்கன? அதை முதல்ல கொண்டாந்து இறக்குங்க. பெறவு வெட்டுங்க.”

பர்மிட்டைக் காட்டினார்கள். அக்கா படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். எழுந்திருக்கவில்லை. சூப்பர்வைசர் யாருக்கெல்லாமோ போன் செய்துகொண்டிருக்கிறார். வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. பொன்ராஜ் அண்ணாச்சி ஷாமியானாவோடு வந்திருக்கிறார். கம்பை ஊன்றக் கான்கிரீட் டிரம்களை உருட்டிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே இந்த வாரம் சீக்கிரம் முடித்துக்கொள்கிறேன். அக்காவுக்குத் தண்ணீர் கொண்டு போக வேண்டும்… எனக்கு ஒரு நாற்காலியும்.